எட்டாம் கேள்வி, பிரிவு (ஆ)

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. நானே யோசித்து எழுதினேன் என்று சொன்னால் அது பொய். கதைக்குள் ஏற்கெனவே வேண்டிய அளவு பொய்கள் இருக்கின்றன. நான் வேறு ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு சேமிப்புச் சங்கம் உண்டு. ஒற்றை அறை, கம்பி போட்ட ஒரு சன்னல், அதற்குப் பின்னால் ஒரு காசாளர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் அதன் வாசலிலிருந்து நீண்ட வரிசை, பூட்டிக் கிடக்கும் அச்சகத்தையும் மருந்துக்கடையையும் தாண்டி, முனையில் திரும்பி அடுத்த தெருவுக்குள் போயிருந்தது. கூட்டம் தாங்காமல் காசாளர் துண்டுக் காகிதத்தில் எண் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

[கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.]

எதற்கு இந்தக் கூட்டம் என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"நாளைக்குச் சங்கத்துல பணம் தீந்துடுமாம்."

"யார் சொன்னா?"

"கணக்கு டீச்சர்."

கணக்கு டீச்சர் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் ஏழாம் வகுப்புக்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்தார், அவ்வளவுதான். ஒரு கேள்வித்தாள் ஒரு தெருவின் சேமிப்பையே ஆட்டிவைக்குமா என்று கேட்பீர்கள். ஆட்டிவைத்தது. எப்படி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதத்தை வீணாக்குகிறேன். இப்போது காகிதம் விற்கிற விலையில் அது சின்ன விஷயமில்லை.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "பொருளாதாரம் என்பது நம்பிக்கையின் மறுபெயர். அந்த நம்பிக்கை சரியத் தொடங்கும்போது ஒரு சமூகம்..." இதற்கு மேல் எழுத எனக்கே அலுப்பாக இருந்தது. தலையங்கம் எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "அன்று வானம் இருண்டு..." இருளவில்லை. சுள்ளென்று வெயில்.

மூன்றாம் தொடக்கம்: "மளிகைக்கடைக்காரர் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை என்று கடைவாசல் பலகையை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்த அதே வாரத்தில், பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தீர்ந்துபோனது." இதை வைத்துக்கொண்டேன், ஏனென்றால் இதில் நான் எதையும் கூட்டவில்லை. கடைக்குச் சாக்பீஸ் கிடைத்தது, பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கவில்லை.

காலம் அப்படி இருந்தது. தலைநகரில் ஒரே வாரத்தில் இரண்டு வங்கிகள் கதவை மூடியிருந்தன. சம்பளம் இரண்டு மாதமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. பேருந்துகள் பாதி ஓடவில்லை. சோப்பு வாங்கப் போனவர்கள், இருக்கட்டும் என்று நாலு சோப்பு வாங்கிக்கொண்டு வந்தார்கள். "எல்லாம் கவுந்துடப் போகுது" என்று யாராவது ஒருவர் தினமும் சொன்னார். எது, எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஒரு தேதிக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. அந்தத் தேதியைத்தான் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

3

இனி டீச்சர்.

கணக்கு டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'அடிச்சுடு டீச்சர்'. அவர் யாரையும் அடித்ததில்லை. "மேலயும் கீழயும் சுழி இருந்தா அடிச்சுடு" என்று வகுப்பில் ஓயாமல் சொல்வார், அதனால் வந்த பெயர். அறுநூறை நாற்பதால் வகுக்கச் சொன்னால் மேலே ஒரு சுழி, கீழே ஒரு சுழி அடித்துவிட்டு அறுபதை நாலால் வகுக்கலாம், சீக்கிரம் முடியும். அதிகாரி பார்வையிட வரும்போது பிள்ளைகள் டக் டக்கென்று சுழியை அடிப்பதைப் பார்க்கச் சுறுசுறுப்பாக இருக்கும். ஏன் அடிக்கிறோம் என்று அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் எந்த வருடமும் அவர் கைக்குக் கிடைக்கவில்லை.

அவருக்கு ஒரு தம்பி. சங்கத்தில் காசாளராக இருப்பவர் அவர்தான். [இது முக்கியம்.]

இருபது வருடமாக டீச்சர் ஒரே தொட்டிக் கணக்கைக் கேட்டுவந்தார். தொட்டியில் அறுநூறு குடம் தண்ணீர் இருக்கிறது, தினமும் நாற்பது குடம் எடுக்கிறார்கள், எத்தனை நாளில் தீரும் என்பது (அ). எடுக்கிற அளவே தினமும் ஊற்றவும் செய்தால் எத்தனை நாளில் தீரும் என்பது (ஆ). டீச்சருக்குப் பிடித்தது அந்த (ஆ)தான். எந்த வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை அதை எழுதும்போது பேனாவைக் கடித்து, நெற்றியைச் சுருக்கி, பிறகு சட்டென்று தலையை நிமிர்த்திச் சிரிக்கும். தீரவே தீராது என்று அதற்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு முகத்துக்காகவே அவர் வருடா வருடம் அதைக் கேட்டார்.

இந்த வருடம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: பாடங்களை மாணவரின் அன்றாட வாழ்க்கையோடு இணைத்துக் கற்பிக்கவும். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யோசித்தார். தெருவில் இப்போது யாரும் தொட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தொட்டியை அடித்துவிட்டு 'நம் தெருச் சேமிப்புச் சங்கம்' என்று எழுதினார். குடத்தை அடித்துவிட்டுப் 'பணக்கட்டு' என்று எழுதினார். எண்களை அப்படியே விட்டார்.

சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கிறவர். நான் சந்தித்த ஆசிரியர்களில் பாதிப் பேர் இப்படித்தான்.

4

(காகிதம் பற்றி ஒரு குறிப்பு. தாண்டிப் போய்விடாதீர்கள்.)

பள்ளிக்கூடத்தில் புதுக் காகிதம் இல்லை. போன வருடம் அச்சடித்து மிஞ்சிப்போன விளம்பரத் தாள்கள் ஒரு கட்டு அலுவலக அறையில் கிடந்தன. ஒரு பக்கத்தில் 'எமது பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுத் தேர்ச்சி' என்று கொட்டை எழுத்து, மறுபக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில் கேள்விகளை நகலெடுத்தார்கள். டீச்சர் எழுதிக் கொடுத்தது இரண்டு பக்கம், தாளில் இருந்தது ஒரு பக்கம். அலுவலக உதவியாளர் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டார். "முதல் பக்கம் போதும், மார்க்கை அதுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுக்கலாம்" என்று அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

முதல் பக்கத்தின் கடைசி வரி, எட்டாம் கேள்வி, பிரிவு (அ). சங்கத்தில் பணம் எத்தனை நாளில் தீரும்?

பிரிவு (ஆ) இருக்க வேண்டிய இடத்தில், தாளைத் திருப்பினால், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

நானாக இப்படி ஒன்றைக் கற்பனை செய்திருந்தால், ரொம்ப மெனக்கெட்டுவிட்டாய் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நானும் ஒப்புக்கொண்டு அடித்திருப்பேன்.

5

அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் படியில் அவளை ஒன்றும் தெரியாதவளாக எழுதினேன். இரண்டாம் படியில், மனம் கேட்காமல், பெரிய கெட்டிக்காரியாக்கி, பள்ளிக்கூடம்தான் அவளைப் பாழாக்கியது என்று எழுதினேன். இரண்டும் அவள் இல்லை. அவள் தையல்காரம்மாவின் மகள். வீட்டில் எல்லோரும் குட்டி என்று கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். அளவெடுக்கும் நாடாவில் முப்பத்தாறரை என்றால் விரலை மிகச் சரியாக வைப்பாள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். டீச்சரும் அப்படித்தான் என்று போன பகுதிக்கு முந்தியதில் சொன்னேன்.

அறுநூறைப் பார்த்தாள். சுழியை அடித்தாள், இன்னொரு சுழியும் இருந்தது, அதையும் அடித்தாள். ஆறு. நாற்பதில் இருந்த சுழியை அடித்தாள். நாலு. ஆறுக்குள் நாலு ஒரு தடவைதான் போகிறது, மீதி இரண்டு. அந்த இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை மீதியாக வருவதுதான் கடைசியில் எழுதுவது. எழுதினாள்.

விடை: 2 நாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. தையல்காரம்மா மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டார்.

"பரீட்சை எப்படி இருந்துச்சு?"

"நல்லா எழுதிருக்கேம்மா."

"என்ன கேட்டாங்க?"

"நம்ம சங்கத்துல பணம் எத்தனை நாள்ல தீரும்னு கேட்டாங்க. ரெண்டு நாள்னு எழுதினேன்."

மிஷின் நின்றது. தையல்காரம்மா மகள் பக்கம் திரும்பினார். மோட்டார் வைத்த தையல் மிஷின் வாங்க மூன்று வருடமாக அந்தச் சங்கத்தில்தான் போட்டுவருகிறார்.

"நம்ம சங்கம்னா? பேரு போட்டா கேட்டாங்க?"

குட்டி தாளை எடுத்து வந்து காட்டினாள். பெயர் போட்டுத்தான் இருந்தது.

"டீச்சரோட தம்பிதானே அங்க காசு குடுக்குற இடத்துல இருக்காரு" என்றார் தையல்காரம்மா. குட்டியிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை. மருந்துக்கடை, மளிகைக்கடை, தண்ணீர்க் குழாயடி, மாடி வீடு, கீழ் வீடு. தம்பி அக்காவிடம் சொல்லியிருக்கிறார், அக்கா வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று கதை தானாகவே ஒழுங்காக அமைந்துவிட்டது. என்னைவிட நன்றாகக் கதை கட்டுகிறார்கள். ஒருவராவது அறுநூறை நாற்பதால் வகுத்துப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். தேதிக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தேதி கிடைத்துவிட்டது.

6

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. டீச்சர் ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்திருந்தார்.

"அக்கா, நீ பிள்ளைங்ககிட்ட என்ன சொன்ன?"

"என்னடா சொன்னேன்? ஏன் இப்படிப் பேசுற?"

"வெளிய எரநூறு பேரு நிக்கிறாங்க. கணக்கு டீச்சர் சொன்னாங்கன்னு சொல்றாங்க. மேனேஜர் என்னை முறைக்கிறாரு, இது உங்க வீட்டு வாய்லேருந்து வந்ததான்னு கேக்குறாரு. சாயங்காலம் வரைக்கும் இப்படியே எடுத்தா நாளைக்கு நெசமாவே ஒண்ணும் இருக்காது, அக்கா. கடன் குடுத்த காசு திரும்பி வர மாசக்கணக்கா ஆகும். இழுத்து மூட வேண்டியதுதான்."

டீச்சர் கட்டிலிருந்து விடைத்தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து எட்டாம் கேள்வியை மட்டும் பார்த்தார். 15 என்று இருந்தது ஏழு தாளில். மற்றவற்றில் 560, 640, 24000, 24. ஒன்றில் 'விரைவில்' என்று இருந்தது. குட்டியின் தாளில் 2. சுழிகளை அவள் எவ்வளவு அழகாக அடித்திருந்தாள் என்பதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேருக்கு வகுக்கத் தெரியாது. இது அவருக்குப் புதுச் செய்தி இல்லை. நாலாம் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்கு அவர்தான் கணக்கு எடுக்கிறார். தேர்ச்சி தொண்ணூறுக்குக் கீழே போனால் பள்ளிக்கூடத்தை வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள் என்று நாலு வருடத்துக்கு முன்பு உத்தரவு வந்தபோது, மார்க் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அவர் பக்கம் தள்ளினார்.

"எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் கூட்டித்தான் போடுறாங்க, டீச்சர். நீங்க மட்டும் முரண்டு பிடிச்சா நாளைக்கு நம்ம எல்லாரும் நடுத்தெருவுல."

டீச்சர் போட்டார். முதல் வருடம் பென்சிலால், அடுத்த வருடம் நேராகப் பேனாவால். குட்டி எடுத்தது பத்தொன்பது, மார்க் அட்டையில் எழுபத்தெட்டு. அந்த அட்டையைத் தையல்காரம்மா சட்டகம் போட்டு மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறார் என்பதும் டீச்சருக்குத் தெரியும். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனபோது பார்த்திருக்கிறார். அன்றைக்கு அளவு சொல்லாமலே துணியை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஆக, அவர் போய்ச் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். விடை இரண்டு இல்லை, பதினைந்து. அதுவும் வெறும் பரீட்சைக் கணக்கு. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொன்னால் வேலை போகும், பதிவேடு போகும், முப்பத்தொரு வீட்டின் நிம்மதி போகும். சொல்லாவிட்டால் சங்கம் போகும், தம்பி போவான்.

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போகிறீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, "சாக்பீஸ் வாங்கிட்டு வரேன்" என்றார்.

7

இந்த இடத்தில் நான் இரண்டு மாதம் நின்றுவிட்டேன். முடிவு வரவில்லை. வந்தவற்றைச் சொல்கிறேன்.

முதல் முடிவு: டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சன்னலுக்குப் போகிறார். தன் சேமிப்பு முழுவதையும் பையிலிருந்து எடுத்து எல்லோரும் பார்க்க உள்ளே கட்டுகிறார். ஒருவர் பின் ஒருவராகக் கலைந்து போகிறார்கள். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் அதன் மேல் சந்தேகம் வந்தது. இரண்டு மாதமாகச் சம்பளம் வாங்காத ஒருவர் பையில் எதை வைத்துக்கொண்டு போவார்?

இரண்டாம் முடிவு: சன்னல் மூடுகிறது. கல் பறக்கிறது. தம்பியின் நெற்றியில் ரத்தம். கலைந்த தெருவில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பைத் தனியாகக் கிடக்கவிட்டிருந்தேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அந்த வரிசையில் குழந்தையே கிடையாது.

மூன்றாம் முடிவு: டீச்சர் பாதி வழியில் திரும்பிப் பள்ளிக்கே போய்விடு...

வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

8

மளிகைக்கடையில் விலைப்பலகை எழுதிக்கொண்டிருந்தவரிடம் டீச்சர் சாக்பீஸ் கேட்டார்.

"இதுவும் விலை ஏறிடுச்சு, டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே பாதியை உடைத்துக் கொடுத்தார் கடைக்காரர்.

சங்கத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த அச்சகத்தின் பச்சை நிற இரும்புக் கதவுக்கு முன்னால் டீச்சர் போய் நின்றார். வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் பிள்ளையை அனுப்பியிருப்பவர்கள்.

"நான் கேட்டது பரீட்சைக் கேள்வி. சங்கத்தைப் பத்தின சேதி இல்ல. தண்ணித் தொட்டின்னு இருந்ததை நான்தான் மாத்தினேன்."

"அப்படித்தான் சொல்லுவீங்க" என்றது ஒரு குரல். "தம்பி உள்ள இருக்காரே."

"டீச்சரே வேலையை விட்டுட்டு ஓடி வந்து சமாதானம் சொல்றாங்கன்னா விஷயம் முத்திப்போச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர். வரிசை ஒரு அடி நெருங்கியது.

டீச்சர் கதவில் 600 என்று எழுதினார், பக்கத்தில் 40. "யாராவது வகுத்துச் சொல்லுங்க" என்றார். பிறகு ஒருவர் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"பதினஞ்சுன்னு வருது."

"பதினஞ்சுதான்" என்றார் டீச்சர். "ரெண்டு இல்ல."

வரிசையின் முன்பகுதியில், எண் பதினொன்றுடன் நின்ற தையல்காரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"போன்ல என்ன வேணா வரட்டும், டீச்சர். என் பொண்ணு ரெண்டுன்னு போட்டிருக்கா. அவ கணக்குல எழுபத்தெட்டு. நீங்கதானே போட்டீங்க?"

டீச்சர் கையில் இருந்த சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டினார்.

"நான்தான் போட்டேன். அவ எடுத்தது பத்தொம்பது."

"என்னது?"

"பத்தொம்பது. மிச்சத்தை நான் போட்டேன். குட்டிக்கு வகுக்கத் தெரியாது. நான் சொல்லிக் குடுக்கல. தெரியும்னு எழுதிக் குடுத்துட்டேன்."

சன்னலுக்கு உள்ளே பணம் எண்ணிக்கொண்டிருந்த தம்பியின் கை நின்றது.

"எம் பொண்ணுக்கு மட்டுமா?" தையல்காரம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"இல்ல. முப்பத்தொரு பேருக்கு."

அப்போது யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. எண் பதினேழு வரிசையை விட்டு வெளியே வந்தார். "என் பையன் எவ்வளவு எடுத்தான், டீச்சர்?" என்று கேட்டார். "இருபத்திரண்டு" என்றார் டீச்சர். எண் ஒன்பது வந்தார். "பதினாலு." இருபத்தாறு வந்தார். "முப்பது, அவனுக்குப் பெருக்கல் வரும்." கொஞ்ச நேரத்தில் சங்கத்துச் சன்னலிலிருந்து பிரிந்து இன்னொரு வரிசை அச்சகக் கதவுக்கு முன்னால் உருவானது. வைத்திருந்ததாக நம்பியது உண்மையில் எவ்வளவு என்று கேட்க ஒவ்வொருவராக வந்தார்கள். பதிவேடு கையில் இல்லாமலே டீச்சர் எல்லோருக்கும் உண்மையான எண்ணைச் சொன்னார். நாலு வருடமாக ஒன்றைக்கூட அவர் மறந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

தையல்காரம்மா கேட்டார். "பணம் போனா ராத்திரி பகலா தைச்சுச் சம்பாரிச்சுக்குவேன். நாலு வருஷத்தை எங்க போய் எடுப்பேன், டீச்சர்?"

டீச்சர் கதவை விட்டு விலகி அவருக்கு எதிரே வந்து நின்றார்.

"சரி" என்றார் தையல்காரம்மா கடைசியில். "நாளைக்கு அனுப்புறேன். முதல்லேருந்து சொல்லிக் குடுங்க. மார்க்கு போடாதீங்க."

[அந்தக் கடைசிப் பேச்சு நான் சேர்த்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுக் கதவில் இருந்த அறுநூறையே பார்த்துக்கொண்டு நின்றார். சேர்த்ததை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறுதலுக்காகக் கூடுதலாகப் போடுவது எப்படித் தொடங்குகிறது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.]

எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகு டீச்சர் திரும்பி, மிச்சமிருந்த துண்டுச் சாக்பீஸால், அச்சாகாமல் போன கேள்வியை எழுதினார்.

(ஆ) எடுக்கிற அளவே தினமும் திரும்பப் போடவும் செய்தால், எத்தனை நாளில் தீரும்?

விடை எழுதவில்லை. சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.

9

முதல் பகுதிக்குத் திரும்புங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். அதையும், எதற்கு இந்தக் கூட்டம் என்று கேட்டதாக எழுதியதையும் அடித்துவிடுங்கள்.

டீச்சர் நடுத்தெருவில் நின்று பத்தொன்பது என்று சொன்ன பிறகு, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. நான் வரிசையில் நின்றேன். காலை எட்டு மணிக்கே போய் எண் வாங்கினேன். நாற்பத்தொன்று. எனக்கு வகுக்கத் தெரியும், நன்றாகவே தெரியும். அறுநூறை நாற்பதால் வகுக்க எனக்குப் போன் வேண்டாம், சாக்பீஸ் வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் மாடிப்படியில் அந்தச் செய்தியைக் கேட்டபோது மனதுக்குள் வகுத்தும் பார்த்தேன். பதினைந்து வந்தது. ஒரு பரீட்சைத் தாளை நம்பி யாராவது ஓடுவார்களா என்று சிரித்தேன். பிறகு, மற்றவர்கள் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, கடிகாரத்தில் அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன்.

பள்ளிக்கூடம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த வரிசையே வந்திருக்காது என்று முடிக்கத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. குட்டி தப்பாக வகுத்து அவள் அம்மா வந்து நின்றார். நான் சரியாக வகுத்துவிட்டு வந்து நின்றேன்.

பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் டீச்சர் பக்கம் போய்விட்டதால் வரிசை சட்டென்று சுருங்கியது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் எதிர்பார்த்ததைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே சன்னலில் இருந்து தம்பியின் குரல் வந்தது.

"நாப்பத்தொண்ணு!"

பாதியை மட்டும் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அருகில் போனதும் முழுவதையும் எடுத்தேன். தம்பி எண்ணிக் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வரும்போது டீச்சர் (ஆ)வை எழுதி முடித்திருந்தார். பையை இடுக்கிக்கொண்டு அதைப் படித்தேன். விடை எனக்குத் தெரியும். தீராது. தெரிந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்தப் பணம் இப்போது இந்தக் காகிதங்களுக்குக் கீழே, மேசை இழுப்பறையில் இருக்கிறது. போன மாதம் அதில் வாங்கியிருக்கக்கூடியதில் பாதிகூட இந்த மாதம் வாங்க முடியாது.

டீச்சரிடம் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவர் இன்னும் பதில் எழுதவில்லை. சங்கம் அன்று சாயங்காலம் என்ன ஆனது என்று நான் சொல்லப்போவதில்லை. மறைக்கவில்லை. என்னோடு அது முடிவாகவில்லை, எனக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள்.

எனக்கு நேர் பின்னால் நின்றவரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பயத்தில் திரும்பவே இல்லை. அதனால் அந்த இடத்தைக் கதையில் காலியாக விட்டிருக்கிறேன். மணி பதினொன்றே முக்கால். இடது பக்கம் இரும்புக் கதவில் ஒரு கேள்வி, அதன் கீழே விடைக்கான இடம். டீச்சர் சாக்பீஸ் தூள் படிந்த கையோடு இன்னும் அங்கேயே நிற்கிறார். எதிரே சன்னல் திறந்திருக்கிறது. உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்.

தம்பி கூப்பிடுகிறார்.

"நாப்பத்திரண்டு!"